ஒரு முறம் தவிடு

அக்கா,

நனைந்த தவிட்டுக்கு ஒரு வாடை உண்டு, உனக்குத் தெரியாததா. முந்தாநாள் மழையில் வாசலோரம் வைத்திருந்த முறத்தின் மேல் சாரல் அடித்துவிட்டது. புளித்த கஞ்சி மாதிரி ஒரு வாடை வீடு முழுக்க ஏறிக்கொண்டது. இன்று காலையோடு முறம் காலி. வாடை மட்டும் போகவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்தாலும் வருகிறது, கொல்லையில் போய் நின்றாலும் வருகிறது. எனக்கு உன் ஞாபகமாகவே இருக்கிறது.

அது உனக்குச் சேர வேண்டிய தவிடு. தை மாதத்தில் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்ததிலிருந்து அதை யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பழையதில் வண்டு வைத்தால் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கி நிரப்பி வைப்பேன். வீட்டில் மாடு கிடையாது, கன்று கிடையாது, இவளுக்குத் தவிடு எதற்கு என்று தெருவில் ஆளாளுக்குப் பேசினார்கள். பேசட்டும். இன்று காலையில் ரேஷன் கார்டு எழுதுகிறவன் வந்து நின்ற பிறகு நடந்ததை உனக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த தமிழ் பின்னே எதற்கு இருக்கிறது?

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கே விளங்கும் போலிருக்கிறது.

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று காய்ச்சலில் போயிற்று, ஒன்று பெயர் வைப்பதற்கு முன்பே போயிற்று. மூன்றாவதாக இந்தப் பெண் பிறந்ததும் என் நாத்தனார் அம்மையார்குப்பத்திலிருந்து வந்து இறங்கினாள். பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இதை வித்துடு" என்றாள்.

பெற்றவளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்றால், பெற்றதெல்லாம் உயிரோடிருக்கிற ஒருத்தியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். எமன் வந்து பார்த்தால், இது அவளுடையது இல்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போய்விடுவான். பிள்ளை வளர்வது நம் வீட்டில்தான். ஆனால் ஏழு வயது முடிந்து, மலையில் முடி இறக்கி, தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்கிற வரைக்கும் பெற்றவள் வாயைத் திறந்து 'என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது. சொன்னால் போச்சு.

நம் தெருவில் ஒரு பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுக்காதவள் நீ ஒருத்திதான். நாலும் நாலு தூண் மாதிரி நின்றன. நீயோ வேதக்காரி. உன் வீட்டுக்காரர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். எப்படிக் கேட்பது என்று நான் பயந்துகொண்டே வந்து நின்றேன்.

"இன்னாடி இது, எங்க மாட்டுக்கு வெச்சிருக்கறதுல ஒரு முறம் போட்டா உம் புள்ள பொழைச்சிக்குமா?" என்று கேட்டாய்.

"பொழைச்சிக்கும்னு சொல்றாங்கக்கா."

"அப்ப ரெண்டு முறமா போட்டுடறேன்."

ஒன்றுதான் வழக்கம் என்று நாத்தனார் அதட்டினாள். தெருமுனைக் குப்பைமேட்டில் ஒரு பழந்துணியை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினோம். நீ தவிட்டைக் கொண்டுவந்து என் முந்தானையில் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாய். குப்பம்மா என்று பெயர் வைத்தாய். பிறகு அவளை என் கையில் கொடுத்து, "எம் புள்ளைய பத்திரமா வளத்து வை" என்றாய். சிரிக்காமல் சொன்னாய். போதகர் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "தவிடுதான குடுத்தேன், சாமியா குடுத்தேன்?" என்றாய்.

பேச்சு வந்ததும் அவள் உன்னை அம்மா என்றாள், என்னைச் சின்னம்மா என்றாள். சொல்லிக் கொடுத்தவள் நான்தான். ஆனாலும் அவள் தூக்கத்தில் அம்மா என்று முனகும்போது யாரைக் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு கிடப்பேன்.

அப்புறம்தான் இந்த ரேஷன் கார்டு வந்து சேர்ந்தது. யுத்தக் காலம். பர்மா அரிசி நின்றுபோய், கன்ட்ரோல் கடையில் தலைக்கு இவ்வளவு என்று அளந்து போடத் தொடங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஆள் கணக்கு எழுத ஒரு குமாஸ்தா வந்தான். நான் குப்பம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"எத்தினி பேரும்மா?"

"நானும் அவரும்தான் சார்."

"இடுப்புல இருக்கறது?"

"அது எதிர் வீட்டுது."

அவன் எழுதிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தான். உங்களுக்குத்தான் ரயில்வேக்காரர்களுக்கென்று தனிக் கடை இருக்கிறதே. நீ, "எங்களுக்கு இங்க கார்டு வாணாம் சார், எம் புள்ளைங்க நாலும் ரயில்வே கார்டுல இருக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டாய். நீ சொன்னதிலும் தப்பில்லை, நான் சொன்னதிலும் தப்பில்லை. குப்பம்மா மட்டும் எந்தக் கார்டிலும் இல்லாமல் போய்விட்டாள்.

முதலில் எனக்கு அது உறைக்கவே இல்லை. இரண்டு பேர் அரிசியில் ஒரு சின்ன வயிறா நிறையாது என்று இருந்துவிட்டேன். ஆனால் போகப் போக அரிசி குறைந்து சோளமும் கோதுமையுமாக வந்தது. சோளக் கஞ்சி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கழிச்சல் கண்டு கைகால் குச்சியாகிவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ், "அரிசிக் கஞ்சிய தவிர எதுவும் வாணாம்" என்று கண்டித்துச் சொன்னாள். வந்த அரிசி முழுக்க அவளுக்கே வடித்தாலும் வாரக் கடைசி தாண்டவில்லை. திருவாலங்காட்டில் என் அம்மா வீட்டில் நெல் இருந்தது. பர்மிட் இல்லாமல் ஒரு படி அரிசியை ரயிலில் கொண்டுவர முடியாது, வழி ஸ்டேஷனிலேயே இறக்கிப் பிடுங்கிக்கொள்வார்கள். நீ உன் பிள்ளைகள் பங்கிலிருந்து தினமும் ஒரு ஆழாக்கு கொண்டுவந்து வைத்தாய். உன் கடைக்குட்டி என்னை முறைத்துப் பார்க்கும்.

"கார்டுல சேத்துடலாம் வா" என்று தாலுக்கா கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனது நீதான். என் வீட்டுக்காரர் என்னைவிடப் பயந்தவர். கச்சேரி என்றதும், "மலையடிவாரத்துல தேங்காக் கடைய யாரு பாக்கறது?" என்று நழுவிவிட்டார். அவர் வாயாலும் சொல்லக் கூடாதே.

தாலுக்கா கச்சேரி வாசலில் புங்கமரத்தடியில் மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். எதற்கு மனு என்றார். பிள்ளையைக் கார்டில் சேர்க்க என்றேன். யார் பிள்ளை என்றார். நான் உன்னைப் பார்த்தேன், நீ என்னைப் பார்த்தாய். அந்த மனுஷன் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, "மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க" என்றார்.

உள்ளே இருந்த சின்ன குமாஸ்தா கிராம முன்சீப் கொடுத்த பிறப்பு நகலைப் பிரித்துப் பார்த்தான். அதில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. தவிட்டுக்கு விற்பதற்கு முன்பே எழுதியது அது.

"இதுல ஒன் வீட்டுக்காரர் பேரு இருக்குது. கணக்கு எடுத்தப்ப எதிர் வீட்டுப் புள்ளன்னு நீயே சொல்லியிருக்கறே. எது நெசம்?"

"ரெண்டும் நெசம் சார்."

"ஏம்மா, வெளையாடறியா? பெத்தவ நீதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, சேத்துட்டுப் போறேன்."

ஒரே ஒரு வார்த்தை. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. நகல் சரி, முத்திரை சரி, வீடு சரி. என் வாய் திறந்தால் பிள்ளைக்கு அரிசி. என் வாய் திறந்தால் பிள்ளை போய்விடும். இரண்டு குழிகளைப் பார்த்தவள் நான். அந்தக் குமாஸ்தாவுக்கு என்ன தெரியும்? அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள், எடையே இல்லை. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போது நீ முன்னால் வந்தாய். "அது எம் புள்ள சார். நான்தான் இவகிட்ட வாங்கினேன்."

ஐயோ அக்கா, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். "இன்னா, புள்ளைய வெல குடுத்து வாங்கினியா? இதுக்கு ஜெயில் இருக்குது தெரியுமா?" என்று அவன் கத்தியதில் கச்சேரியே திரும்பிப் பார்த்தது. உள்ளறையிலிருந்து தலைமைக் குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். தெலுங்குக்காரர், வயதானவர்.

"ஏமம்மா, எவ்ளோக்கு வாங்கினே?"

"ஒரு மொறம் தவிட்டுக்குங்க" என்றாய்.

அவர் முகத்திலிருந்த கடுமை எங்கேயோ போய்விட்டது. சின்னவனை உட்காரச் சொன்னார். "என் பேரு புல்லையா. எனக்கு மின்ன பொறந்தது ஒண்ணும் தங்கல. எச்சில் எலை மேல உருட்டி எடுத்து, எங்க தெலுங்குல அந்த எலையச் சொல்ற பேரையே எனக்கு வெச்சாங்க" என்றார்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமே சார். எழுதிக்கோங்க" என்றேன். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"தெரியும்மா. ஆனா எனக்குத் தெரிஞ்சதை இதுல எழுத முடியாது. யாராவது சொல்றதைத்தான் எழுத முடியும். பேசாம நின்னா நான் இன்னாத்தை எழுதறது?"

நீதான் சொன்னாய். இந்தப் பெண் என்னுடையது, எதிர் வீட்டில் வளர்கிறது, சாப்பாடும் அங்கேயே என்று அவர் எழுதி வாசித்துக் காட்டினார். கீழே நீ முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டாய். குப்பம்மா என் கார்டில் ஏறினாள். உறவுமுறை என்ற இடத்தில் 'வளர்ப்பு' என்று எழுதினார்கள்.

திரும்பி வரும்போது நான் உன்னோடு ஒழுங்காகப் பேசவில்லை, நினைவிருக்கிறதா? அன்றைக்கு எனக்கு வந்தது நன்றி இல்லை அக்கா, எரிச்சல். நான் பெற்றுவிட்டுச் சொல்ல முடியாததை நீ எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். சர்க்கார் காகிதத்திலேயே நீ தாய், நான் வளர்க்கிறவள். வயிறு எரிந்தது. அதே வயிறு, அவளுக்கு இனி கஞ்சி உண்டு என்று குளிரவும் செய்தது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி ஆகும் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"பொய்க் கையெழுத்து போட்டுட்டியேக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"தவிடு குடுத்து வாங்கினது பொய்யா?" என்றாய். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆண்டவருக்கு வாசிக்கத் தெரியும், விடு" என்றாய்.

குப்பம்மா தேறினாள். கன்னம் உப்பிக்கொண்டது. யுத்தம் முடிந்தது, கச்சேரி மேலே கொடி மாறியது, நடுவில் கன்ட்ரோலை எடுத்தார்கள், மறுபடியும் போட்டார்கள். 'வளர்ப்பு' என்ற அந்த எழுத்து மட்டும் மாறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் நீதான் வந்து நின்றாய்.

போன ஆடிக் கிருத்திகைக்கு அவளுக்கு முடி இறக்கினோம். நீ மலை ஏறவில்லை, அடிவாரத்தில் எங்கள் கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். காவடிக் கூட்டத்தில் தேங்காய் வாங்க வந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணுக்கு இன்னிக்கு மொட்டை" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாயாம். நாங்கள் இறங்கி வந்ததும் அவளுடைய சந்தனம் பூசிய தலையைத் தடவிவிட்டு, "நாளைக்குத் தவிடு எடுத்துகினு வா. திருப்பிக் குடுத்துடறேன்" என்றாய்.

நாளைக்கு நாளைக்கு என்றே போயிற்று. அன்றைக்கு ஆரம்பித்த காய்ச்சல் உன்னை விடவில்லை. படுத்திருக்கிறவளிடம் போய்த் தவிட்டை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. எழுந்து உட்காரட்டும் என்று இருந்தேன். நீ எழுந்து உட்காரவே இல்லை.

இப்போது சொல், நான் என்ன செய்வது? முடி இறக்கியாகிவிட்டது, ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை. வழக்கப்படி அவள் இன்னும் உன் பிள்ளைதான். நாத்தனாரைக் கேட்டால், "வாங்கினவ கையாலதான் திருப்பி வாங்கணும். செத்துப் போனவகிட்ட எப்படி வாங்குவே? எனக்குத் தெரியல" என்று அவளும் கையை விரித்துவிட்டாள். கல்லறையில் கொண்டுபோய்க் கொட்டலாமா என்றுகூட யோசித்தேன். உங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்று தோட்டத்து வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

உன் மூத்த மகள்தான் ஒரு நாள் தண்ணீர் எடுக்கிற இடத்தில் சொன்னாள். "அந்தக் கச்சேரிக்குப் போய்ட்டு வந்த வருஷம் பூரா அம்மா கோயில்ல அப்பமும் ரசமும் குடுக்கற ராப்போஜனம் எடுக்கல சின்னம்மா. எல்லாரும் எழுந்து போவாங்க, அம்மா மட்டும் பெஞ்சிலயே உக்காந்திருக்கும்." அந்த ஒரு கையெழுத்துக்காக ஒரு வருஷம் அக்கா! தினமும் எதிர் வீட்டில் இருந்துகொண்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலையில்தான் புதுக் கார்டு எழுதுகிறவன் வந்தான். பழைய கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மின்ன எழுதிக் குடுத்தவங்க எங்கம்மா?" என்றான்.

"போயிட்டாங்க சார்."

"அப்ப இந்தப் பொண்ணு பேரை எடுத்துடட்டுமா? யாராவது ஒருத்தர் சொந்தம்னு சொன்னாதான் புதுசுல ஏறும்."

பின்னால் குப்பம்மா பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரிக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை முன்னால் வந்து நிற்க நீ இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. "கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு ஒரு கையில் முறமும் ஒரு கையில் அவளுமாகத் தெருவைத் தாண்டி ஓடினேன். "எனக்கு இன்னும் தெரு பூராம் கெடக்குதும்மா" என்று அவன் கத்தினான்.

உன் மாட்டின் தொட்டியில் கொட்டிவிடலாம் என்றுதான் போனேன். அன்றைக்குத் தவிடு அதன் பங்கிலிருந்துதானே வந்தது. அங்கே உன் வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னையும் முறத்தையும் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"இன்னிக்குத்தான் வர்றியாம்மா?" என்றார். "அவ சொல்லிட்டுத்தான் போனா. 'தவிடு எடுத்துகினு வருவா. நம்ம வழக்கம் இல்ல, வாணாம்னு சொல்லிடாதே. ரெண்டு கையாலயும் வாங்கிக்கோ. இல்லாட்டி அவ காலம் பூரா பயந்துகினே இருப்பா'ன்னு."

"ஏன்ணா இத்தினி நாளா சொல்லல?"

"அவளா வரட்டும்னு சொன்னா."

அவர் இரண்டு கையாலும் முறத்தை வாங்கித் தொட்டியில் சாய்த்தார். மாடு முகத்தை நுழைத்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு குப்பம்மாவின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார். "இந்தாம்மா, உம் புள்ள" என்றார். அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

திரும்பி வந்தால் கார்டுக்காரன் நாலு வீடு தள்ளிப் போய்விட்டிருந்தான். நடுத்தெருவில் நின்று கூப்பிட்டேன். "சார்! அது என் பொண்ணு சார்! நான் பெத்த பொண்ணு! எழுதிக்கோங்க!" தெருவே வெளியே வந்து பார்த்தது. அவனோ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வயசு சொல்லும்மா" என்றான்.

இனிமேல் என்னை அம்மா என்று கூப்பிடு என்று குப்பம்மாவிடம் சொன்னேன். உன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே, "அப்ப அவங்களை இனிமே இன்னான்னு கூப்பிடறது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை அக்கா. நீ இருந்தால் உன்னையே கேட்டிருப்பேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது போ என்று அனுப்பிவிட்டேன்.

காலி முறம் என் பக்கத்தில்தான் இருக்கிறது. நனைந்த தவிடு அதன் மூங்கில் இடுக்குகளில் அப்பிக்கொண்டிருக்கிறது. தட்டினால் உதிர்ந்துவிடும். நான் தட்டவில்லை, தட்டப்போவதும் இல்லை. அவ்வளவு தவிட்டுக்கு அவள் உன் பிள்ளையாகவே இருக்கட்டும்.